நூற்றுப் பன்னிரண்டாம் டோக்கனில் நான் செத்துப்போனது

சாகப்போகிறவன் யாரிடமும் எதையும் சொல்லலாம். ஊர் கேட்டுக்கொள்ளும், கண் கலங்கும், மன்னித்தும் விடும். ஒரே ஒரு நிபந்தனைதான்: சொல்லி முடித்ததும் அவன் செத்துவிட வேண்டும். நான் முதல் பாதியை வெகு சிறப்பாகச் செய்தேன். இரண்டாம் பாதியில்தான் கோட்டை விட்டேன். அதனால் இருபத்தைந்து வருடங்களாக, அன்று சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் உயிரோடு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. சித்தூர் ஜில்லாவில் கம்ப்யூட்டர் படித்த பையன்கள் எல்லாம் பஸ் பிடித்துப் பெங்களூருக்கும், பாஸ்போர்ட் எடுத்து அதற்கு அப்பாலும் போய்க்கொண்டிருந்த காலம். நானும் பெங்களூரில் ஒரு கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏசி அறை, கழுத்தில் அட்டை. பாலசமுத்திரம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் நைனா, அந்தக் கழுத்து அட்டையைப் பற்றி மட்டும் டீக்கடையில் அரைமணி நேரம் பேசுவார். அப்படிப்பட்ட வேலையை ஒரு வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்துவிட்டு, திருப்பதிக்கு வந்து சொந்தக் கம்பெனி ஆரம்பித்தேன்.

இப்போது இதற்கு ஸ்டார்ட்அப் என்று பெயர். ஆரம்பித்தவனை ஃபவுண்டர் என்கிறார்கள், மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் இதற்கு ‘வேலைய உட்டுட்டு வந்து சும்மா குந்திக்கினு கீறான்’ என்று பெயர். பொன்னாடை கிடையாது. ஆகவே நைனாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. “கம்பெனியே என்னத் திருப்பதிக்கு மாத்திடுச்சி நைனா. பிராஞ்சு ஓப்பன் பண்றாங்க” என்றேன். ஏழுமலையானே பார்த்து என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டதாக அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கம்பெனி என்றால் நான், என் மனைவி கஸ்தூரியின் தம்பி தாமு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் அறை. கம்பெனியின் பெயரில் ‘குளோபல்’ இருந்தது, ‘சொல்யூஷன்ஸ்’ இருந்தது. கழிப்பறைதான் இல்லை. அரைமணிக்கு ஒரு தடவை யாராவது பக்தர் பையும் குடும்பமுமாகக் கதவைத் திறந்து, “ரூம் கீதா?” என்பார்.

“இது சாஃப்ட்வேர் கம்பெனிங்க.”

“பரவால்ல சார், நாங்க நாலு பேருதான்.”

எங்கள் சரக்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். சித்தூரைச் சுற்றி மாங்கூழ் தொழிற்சாலைகள் நிறைய. ஜூன் மாதம் பிறந்தால் போதும், பெங்களூரா ரக மாங்காயை ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். ஒரு பகல், ஒரு ராத்திரி, சில சமயம் இரண்டு நாள். யார் முன்னால் வந்தது, யார் நடுவில் புகுந்தது என்று அடிதடி நடக்கும். மண்டை உடையும். மாங்காயும் உடையும். (மண்டைக்குக் கட்டுப் போடலாம்.) இந்த வரிசையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வந்த நேரப்படி டோக்கன் கொடுத்து, ஒலிபெருக்கியில் நம்பர் கூப்பிட்டால் சண்டையே இருக்காது என்பது என் கண்டுபிடிப்பு. நல்ல கண்டுபிடிப்புதான், இன்றைக்கும் சொல்வேன். கண்டுபிடித்தவன்தான் சரியில்லை.

காரணம், நான் ஒரு வணிகப் பத்திரிகையைப் படித்துவிட்டேன். அமெரிக்காவில் எவனோ ஒருவன் கார் ஷெட்டில் கம்பெனி ஆரம்பித்து, தூக்கத்தைத் துறந்து, மேசைக்கு அடியிலேயே படுத்து எழுந்து, பெரிய ஆளாகிவிட்டானாம். என்னிடம் கார் ஷெட் இல்லை, காரும் இல்லை. மேசை இருந்தது. அடியில் படுத்தேன். ஆறடி உடம்புக்கு நாலடி மேசை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரூம் கேட்டு வந்த ஒரு பக்தர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, “இங்க ஏற்கெனவே ஆள் கீறாங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

தூக்கம் சம்பளம் வாங்குகிறவனுக்கு, சாப்பாடு ஓய்வு பெற்றவனுக்கு என்று ஒரு கொள்கையும் வகுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பதினைந்து, பதினாறு டீ. கஸ்தூரி தினமும் காலையில் மூன்றடுக்கு டிபன் கேரியரில் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். அதை அப்படியே லாட்ஜ் வாட்ச்மேன் ரெட்டெப்பாவிடம் கொடுத்துவிடுவேன். சாயங்காலம் அவர் பளபளவென்று கழுவிக் கொடுப்பார். “இன்னிக்கி எல்லாம் தீந்துடுச்சே!” என்று கஸ்தூரி சந்தோஷப்படுவாள். எனக்கு இடது கண் இமை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. டீக்கடையில் என் பெயரைக் கேட்டால் ஒரு நொடி யோசித்துச் சொன்னேன்.

“இன்னாங்க, மூஞ்சே சரியில்ல. ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்குங்க” என்றாள் கஸ்தூரி.

“லீவா? முதலாளிக்கு ஏது லீவு?”

“எந்த முதலாளி? மேசைக்கடியில படுத்துக்கினு கீறாரே, அவருக்கா?”

இந்த நிலையில்தான் நாயுடு கிடைத்தார். திருப்பதி சாலையில் பெரிய மாங்கூழ் தொழிற்சாலை அவருடையது. தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் ஒரே வாக்கியத்தில் வரும். என் விளக்கத்தையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு நாள் கொடுத்தார்.

“சூடு பாபூ, இங்க பாரு. காலைலருந்து சாயங்காலம் சைரன் ஊதற வரைக்கும் வரிசைல ஒரு கொட்லாட்ட ராகூடாது. ஒரு சண்டை இல்லாம போச்சுன்னா, இந்த சீசன் பூரா நுவ்வே, நீயே செய்யி. என் தம்பிங்க ஃபேக்டரி ரெண்டும் உனக்கே. ஒரே ஒரு சண்டை வந்துச்சோ, கம்ப்யூட்டரத் தூக்கினு போயிடு.”

அந்த ஒரு நாள்தான் எல்லாம். கிடைத்தால் நான் தொழிலதிபர். கிடைக்காவிட்டால் பெங்களூருக்குத் திரும்பிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிட மோசம், பாலசமுத்திரத்துக்குப் போய் நைனாவிடம், பிராஞ்சும் இல்லை, மாற்றலும் இல்லை, பதினாலு மாதமாகச் சொன்னது அத்தனையும் கதை என்று சொல்ல வேண்டும்.

அதனால் அந்த நாளுக்கு முந்தைய மூன்று நாட்கள் நான் கண்ணை மூடவே இல்லை. புரோகிராமில் ஒரு பிழையைத் திருத்துவேன். அது போகிற போக்கில் இன்னும் இரண்டைப் பெற்றுப் போட்டுவிட்டுப் போகும்.

அன்று காலை தொழிற்சாலை வாசலுக்குப் பக்கத்தில், எடைமேடை அறையில் கம்ப்யூட்டரை வைத்தோம். அது ஒரு பலகைக் கூண்டு, ஒரே ஜன்னல். மேசை மேல் கழுத்து வளைந்த மைக். அதன் அடியில் ஒரு சுவிட்சு, ஒரு சிவப்பு விளக்கு. வெளியே சாலை நெடுக, வேப்ப மரத்திலும் கரண்டுக் கம்பத்திலும் கூம்பு ஒலிபெருக்கிகள். கடைசி டிராக்டருக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பவனுக்கும் நம்பர் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. (ஏற்பாடு கச்சிதம். அதில்தான் வினையே.)

பத்து மணி வரை எல்லாம் சொர்க்கம். திரையில் நம்பர் வரும், நான் மைக்கில் கூப்பிடுவேன், டிராக்டர் உள்ளே வரும். நாயுடு ஜன்னலில் தலையை நீட்டி, “பலே பலே” என்றார். பத்தரைக்கு ஒரு தடவை கரண்டு போய் வந்தது. கம்ப்யூட்டர் திரை நீலமாக மாறி, அதில் நானே எழுதாத ஏதோ ஆங்கிலத்தில் வந்து நின்றது. தட்டிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். அது எழுந்திருக்கவில்லை.

தாமு பதறாமல் சுவரிலிருந்த காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, வரிசையைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். நான் நீலத் திரையை உற்றுப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, மடியிலிருந்த காலண்டர் தாளைப் படித்தேன். நூத்தி ஏழு. நூத்தி எட்டு. ஜில்லாவிலேயே முதல் கம்ப்யூட்டர் வரிசை, பென்சிலில் ஓடியது.

“டோக்கன் நம்பர் நூத்திப் பன்னெண்டு, கேட்டுக்கு வரவும்” என்று கூப்பிட்டேன். கூப்பிட்டபோதே விரல் நுனியில் சுருசுருவென்றது. உதட்டைச் சுற்றி மரத்துப்போனது. நெஞ்சில் யாரோ ஒரு டிராக்டரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியது போல் இருந்தது. மூச்சு வரவில்லை. வரவில்லையே என்று வேகவேகமாக இழுத்தேன். இழுக்க இழுக்க இன்னும் வரவில்லை. இருபத்தொன்பது வயதில் மாரடைப்பு. முடிந்தது கதை.

“தாமு” என்றேன். “நான் போறேன்டா.”

“எங்க மாமா, பாத்ரூமுக்கா?”

“இல்லடா. ஒரேயடியா.”

அவன் முகம் வெளுத்தது. நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நேரம் இல்லை, சொல்ல வேண்டியது மலைபோல் கிடக்கிறது.

“நைனாகிட்ட சொல்லிடு. நான் பெங்களூர் வேலைய உட்டு பதினாலு மாசம் ஆச்சி. மாத்தல்னு சொன்னது பொய். பிராஞ்சும் கெடையாது ஒண்ணும் கெடையாது.”

“மாமா, மொதல்ல தண்ணி குடி.”

“உங்கக்காகிட்ட சொல்லு. அவ கட்டிக் குடுத்த டிபன நான் ஒரு நாளு கூடத் துன்னல. எல்லாத்தியும் வாட்ச்மேன் ரெட்டெப்பாதான் துன்னான்.”

“அதான் அந்தாளு அப்பிடி ஊதிக்கினு கீறானா?”

“நாயுடுகிட்டயும் உண்மைய சொல்லிடு. கம்ப்யூட்டரு பத்தரைக்கே படுத்துடுச்சி. நம்பரு உன் காலண்டர்லருந்துதான் வருது. நான் யாரையும் ஏமாத்திட்டுப் போவ விரும்பல.” (மூன்று பேரை ஏமாற்றியதை ஒப்புக்கொண்ட அதே மூச்சில் இதைச் சொன்னேன்.) “அப்பறம் தாமு... உன்கிட்டயும் ஒண்ணு கீது.”

“என்கிட்டயா?”

“உன் விசிட்டிங் கார்டு. ‘டைரக்டர்’னு அடிச்சிக் காட்டினேன்ல? அது அஞ்சே அஞ்சிதான் அடிச்சேன், உனக்குக் காட்டறதுக்கு. ஊருக்குக் குடுத்ததுல எல்லாம் ‘உதவியாளர்’னுதான் கீது. மன்னிச்சிடு.”

தாமு என் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். அவன் கண்ணில் அதுவரை இருந்த ஈரம் காய்ந்துபோயிருந்தது.

“மாமா, நீ இப்ப சாவாத. உன்கிட்டப் பேசணும்.”

அப்போதுதான் கவனித்தேன், வெளியே ஒரு சத்தமும் இல்லை. டிராக்டர் சத்தம் இல்லை, பேச்சு இல்லை, ஹாரன் இல்லை. ஜூன் மாதம் சித்தூரில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலை வாசலில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டிருக்க முடியாது. அந்த அமைதியில், எங்கோ தூரத்து வேப்ப மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“தம்பி! அந்த வாட்ச்மேனு நேத்து இன்னா துன்னான்?”

மேசையில் மைக்கின் சிவப்பு விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

நூத்திப் பன்னெண்டு என்று கூப்பிட்டவன் சுவிட்சை அணைக்கவில்லை. இருநூறு டிராக்டர்காரர்கள், எடைமேடைக்காரர், மாங்காய் தரம் பிரிக்கும் பெண்கள் அறுபது பேர், மாடியில் தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாயுடு, எல்லோரும் என் மரண வாக்குமூலத்தை ஆதியோடந்தமாகக் கேட்டிருக்கிறார்கள்.

இதைவிட மோசமாக ஒன்றும் நடக்க முடியாது என்று நினைத்தேன். கதவு திறந்தது. நைனா நின்றார்.

நூற்றுப் பன்னிரண்டாம் டோக்கன் அவருடையதுதான். தோப்பு மாங்காயை ஏற்றிக்கொண்டு முந்தின நாளே வந்து வரிசையில் நின்றிருக்கிறார். பெங்களூர் கம்பெனிதான் என்னை இங்கே வேலைக்கு அனுப்பியிருக்கிறது என்று பக்கத்து டிராக்டர்களுக்கெல்லாம் சொல்லியுமிருக்கிறார். நம்பர் கூப்பிட்டதும் வண்டியை எடுத்து, பாதி கேட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளை சாகிற சத்தம் கேட்டது. வண்டியை அங்கேயே அணைத்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். (பிள்ளை சாகிற நேரத்தில் சாவி எதற்கு என்று கேட்காதீர்கள். மாங்காய் வரிசையில் டிராக்டரில் சாவியை விட்டுவிட்டு வருகிறவன் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.)

“டேய் ரத்தினம்! இன்னாடா ஆச்சி?” என்று ஓடி வந்தவர் என் கையைப் பார்த்தார். என் விரல்கள் கொக்கின் அலகுபோல் குவிந்து, விறைத்துக் கோணிக்கொண்டிருந்தன.

“வலிப்புடா இது! இரும்பக் குடு, இரும்பக் குடு!”

வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அடித்துக்கொள்ள அங்கே டாக்டர் யாரும் இல்லை. இரும்பு எங்கே? நைனாவின் கையிலேயே இருந்தது. டிராக்டர் சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். என் விரல்கள் அதன்மேல் மூடின. மூடியதோடு சரி, பூட்டிக்கொண்டன.

நான்கு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். நாயுடு மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். “நா காருல எக்கிச்சு, காருல ஏத்து! சித்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு!” என்று கத்தினார்.

கார் தொழிற்சாலைக்கு உள்ளே. கேட்டில் நைனாவின் டிராக்டர், பாதி உள்ளே பாதி வெளியே, ஐந்து டன் மாங்காயோடு. அதை நகர்த்தினால்தான் கார் வெளியே வரும்.

“ஆருய்யா வண்டி? தீய்யி! எடு!”

“என் வண்டிதான்” என்றார் நைனா.

“சாவி ஏது?”

நைனா மெதுவாகத் திரும்பி என் முஷ்டியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அடுத்த பத்து நிமிடம், ஒரு தொழிற்சாலை முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு என் வலது கையைத் திறக்க முயன்றது. தாமு உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினான். (விசிட்டிங் கார்டு கோபத்தில் கொஞ்சம் கூடவே மூட்டினான்.) மெக்கானிக் ஒருவர் கிரீஸ் தடவினார். கூழ் பிரிவிலிருந்து ஒரு பெண், “வழுக்கிக்கினு வந்துடும்ணா” என்று ஒரு சொம்பு மாங்கூழைக் கொண்டுவந்து ஊற்றினாள். சாவி வரவில்லை. ஈ வந்தது.

“பாபூ, நீக்கு தண்டம் பெட்டுதா, சாவி ஈய்யி பாபூ” என்று நாயுடு கையெடுத்துக் கும்பிட்டார்.

“நான் புடிச்சிக்கினு இல்லிங்க! அதுதான் என்னப் புடிச்சிக்கினு கீது!” என்று அழுதேன்.

பின்னால் வரிசையில் விஷயம் தெரியாத யாரோ ஒருவர், “இன்னாய்யா நிக்குது?” என்று கத்த, “ஆள் ஒருத்தன் சாவறான், வழி உடு” என்று இவர்கள் கத்த, “அவன் டோக்கன் எத்தினி?” என்று அங்கிருந்து கேள்வி வந்தது. சாவதற்கும் வரிசையில்தான் வர வேண்டும் போலிருக்கிறது.

கடைசியில் கை வலித்து, கத்தி அலுத்து, என்னை வேப்ப மரத்தடியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். நிழல். காற்று. யாரோ துண்டால் விசிறினார்கள். முதுகுக்கு அடியில் தரை, முழு ஆறடிக்கும் இருந்தது. நான் வானத்தைப் பார்த்தேன். சரி, இனிமேல் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பதினாலு மாதத்தில் முதல் தடவையாக, செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்தது தாமு சொல்லித் தெரிந்தது. என் மூச்சு அடங்கியது. கண் செருகியது. பூட்டியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, சாவி தானாக உருண்டு மண்ணில் விழுந்தது.

“கை உட்டுடுச்சி” என்றார் ஒருவர். எல்லோரும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்கள். மாங்கூழ் ஊற்றிய பெண் ஒப்பாரிக்கு வாயைத் திறந்தாள். நைனா என் நெஞ்சில் காதை வைத்தார். பக்கத்தில் நாயுடு கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது நான் குறட்டை விட்டேன்.

லேசான குறட்டை இல்லை. மூன்று நாள் பாக்கியோடு, கூம்பு ஒலிபெருக்கிக்கு அவசியமே இல்லாத குறட்டை. நைனா காதை எடுத்துக்கொண்டு எழுந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “தூங்கறான்” என்றாராம். சொன்ன குரலில் சந்தோஷம் இருந்ததா, ஏமாற்றம் இருந்ததா என்று தாமு இன்றுவரை தீர்ப்பு சொல்லவில்லை.

டிராக்டரை ஒதுக்கி, காரில் ஏற்றி, சித்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனபோதும் நான் விழிக்கவில்லை. நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தபோதும் விழிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கட்டிலைச் சுற்றி டாக்டரம்மா, நைனா, தாமு. திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த கஸ்தூரி கால்மாட்டில் நின்றாள்.

“கடைசியா எப்போ தூங்கினீங்க?” என்றார் டாக்டரம்மா.

“இப்பத்தாங்க.”

“அதுக்கு முன்னாடி?”

யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அவர் தலையை ஆட்டினார். “இருதயம் குதிரை மாதிரி இருக்கு. ஒண்ணும் இல்ல. பயம் வந்து வேகவேகமா மூச்சு இழுத்தா விரல் இப்படிக் குறக்களி வாங்கிக்கும், நெஞ்சு அடைக்கும், செத்துப்போறோம்னே தோணும். பொய் இல்ல, நெஜமாவே தோணும். இன்னிக்கித் தானா போச்சு. இதே மாதிரி வாழ்ந்தா மறுபடியும் வரும்.” ஒரு சீட்டில் இன்னொரு டாக்டர் பெயரை எழுதினார். மனசுக்குப் பார்க்கிற டாக்டர்.

“நான் பைத்தியமாங்க?”

“இல்ல. ஆனா சாப்பாட்ட வாட்ச்மேனுக்குக் குடுக்கறவங்களுக்கு நான் மட்டும் வைத்தியம் பாக்க முடியாது.”

(அவருக்கு யார் சொன்னது என்று கேட்கவில்லை. அதற்குள் சித்தூரில் தெரியாதவர் யாரும் பாக்கி இல்லை.)

கஸ்தூரி கால்மாட்டிலிருந்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“வாட்ச்மேனுக்கு எது புடிச்சிதாம்?”

“எ... எண்ணெய்க் கத்திரிக்கா” என்றேன்.

“ம்” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், அது வேறு விஷயம்.

நான் பயந்தது நைனாவைத்தான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“வேலைய உட்டுட்ட. சரி. எங்கிட்ட சொல்லல. சரி. பயந்துட்ட, அதுவும் சரி.” குரல் உடைந்தது. “ஆனா டோக்கன் குடுக்கறதே நீதானடா? பெத்தவனுக்கு ஒரு முப்பது, நாப்பது குடுக்கக் கூடாதா? நூத்திப் பன்னெண்டாடா குடுப்ப?”

“வந்த வரிசைப்படிதான் நைனா...”

“வந்த வரிசைப்படின்னா நீ எங்களுக்கப்பறம்தானடா வந்த? எங்களுக்கு முன்னால சாவறன்னு கௌம்பினியே!”

அவர் என் தலையைத் தடவினார். கையில் கிரீஸ் ஒட்டியது. (தலைக்குக் கிரீஸ் எப்படிப் போனது என்பது தனி விசாரணைக்குரியது.)

சாயங்காலம் சைரன் ஊதிய பிறகு நாயுடு வந்தார். எழுந்து மன்னிப்புக் கேட்கப்போனேன், உட்கார் என்று கையைக் காட்டினார்.

“பாபூ, இருவது சீசனா ஃபேக்டரி நடத்தறேன். வரிசைல சண்டையே இல்லாத நாள் இன்னிக்கிதான். ஒருத்தன் கூட ஒருத்தன அடிக்கல. அந்தரூ, எல்லாரும், நீ சொல்றததான் கேட்டாங்க, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அதயே பேசிப் பேசி சிரிச்சாங்க.” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “மாட்ட இச்சேனு, மாட்ட மாட்டே. சொன்ன சொல்லு சொல்லுதான். வேல உனக்கு. ஆனா ரெண்டு கண்டிஷன். ஒரு மணிக்கு சாப்பாட்டு சைரன் ஊதினா கம்ப்யூட்டரும் ஆஃப், நுவ்வும் ஆஃப். ரெண்டாவது, மைக்க இனிமே தாமு புடிக்கட்டும்.”

“கம்ப்யூட்டரு ரெடியாவ இன்னும் ஒரு வாரம் ஆவுங்க” என்றேன். வாழ்க்கையில் அவரிடம் நான் தானாகச் சொன்ன முதல் உண்மை.

“அதுவரைக்கும் காலண்டர் பேப்பர் போதும். பாக உந்தி, நல்லாவே இருக்கு” என்றார்.

மனசு டாக்டரிடம் ஐந்து மாதம் போனேன். அந்தக் காலத்தில் அப்படிப் போகிறவர்கள் முக்காடு போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக, பக்கத்துக் கடையில் தேங்காய் வாங்குவதுபோல் போவார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. மறைப்பதற்கு என்னிடம் ஒன்றுமே மிச்சமில்லை. பஸ்ஸில் பார்த்தவர்கள், “இன்னா ரத்தினம், டாக்டராண்டயா? போயிட்டு வா, போயிட்டு வா” என்று இடம் விட்டார்கள். அவர் கற்றுக்கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூச்சை மெதுவாக விடுவது, நேரத்துக்குத் தூங்குவது, பயம் வந்தால் சாவதற்கு முன்பே யாரிடமாவது சொல்வது. கஸ்தூரி தினமும் ஒரு மணிக்கு ஆபீசுக்கு வந்து, நான் கடைசி வாய் துன்னும் வரை எதிரில் குந்திக்கொண்டிருந்தாள். நான் நாலு கிலோ ஏறினேன். ரெட்டெப்பா எட்டு கிலோ இறங்கினார். கம்பெனி பெரிய அளவுக்கு வளரவில்லை. பத்திரிகையில் படம் வரவில்லை. எட்டுப் பேர் வேலை செய்கிறோம், ஒரு மணிக்கு எழுந்து கை கழுவுகிறோம். தாமுவுக்கு ‘டைரக்டர்’ என்று ஐந்நூறு கார்டு அடித்துக் கொடுத்தேன். அவன் கொடுத்துத் தீர்க்க ஒன்பது வருடம் ஆயிற்று.

போன வருடம் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சடிக்க நைனாவோடு நகரிக்குப் போனேன். அச்சகக்காரர் பெயரை எழுதிக்கொண்டே, “உங்க ஊருல முனிரத்தினம் நாலு பேரு கீறாங்களே, எந்த முனிரத்தினம்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். எண்பதை நெருங்கும் நைனா தயங்கவே இல்லை.

“பிராக்கெட்டுல ‘மைக்’குன்னு போடு.”

நான் குதித்தேன். மகளிடம் போன் போட்டு முறையிட்டேன். “போடலன்னா யாரு ஊட்டுக் கல்யாணம்னே தெரியாது நைனா, ஒருத்தரும் வரமாட்டாங்க” என்றாள். அப்படியே அச்சாகி, மஞ்சள் தடவி, மூன்று ஜில்லாவுக்குப் போயிற்று.

திருப்பதியில் மண்டபம். தாலி கட்டி முடிந்ததும், வந்தவர்களுக்கு நன்றி சொல்லலாமே என்று மேடையில் மைக்கை வாங்கினேன். வாங்கியதுதான் தாமதம், மண்டபம் முழுக்கச் சத்தம் அடங்கியது. நாதஸ்வரக்காரர் குழலை மடியில் வைத்தார். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக்கூடக் கழுவாமல் வாசலில் வந்து நின்றார்கள். முதல் வரிசையில் என் சம்பந்தி, விஷயம் தெரிந்தவர், நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். கஸ்தூரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“எல்லாரும் இருந்து சாப்ட்டுட்டுப் போவணும்” என்றேன்.

யாரும் பந்திக்குத் திரும்பவில்லை. பிறகு முன்வரிசையிலிருந்து, நன்றாக எட்டும் குரலில் ஒருவர் கேட்டார்.

“அவ்ளோதானாடா?”

என் நைனாதான்.